சுகிர்தாவின் ஆறு பற்கள்

மாடியில் கண்ணாடி உடைந்த சத்தம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். பயப்படாதீர்கள் இன்ஸ்பெக்டரம்மா, யாருக்கும் காயமில்லை. அலமாரிக் கண்ணாடிதான். இப்படி உட்காருங்கள். என் மகள் சுகிர்தாதான் ஸ்டேஷனுக்குப் போன் செய்தாள். அவள் சொன்னதில் பொய் இருக்காது. ஆனால் ஏன் செய்தேன் என்பதை நான்தான் சொல்ல வேண்டும்.

என் பெயர் மகேஸ்வரன். பாளையங்கோட்டையில் டைல்ஸ் கடை. இத்தனை வருஷமாகப் பீங்கான்தான் எனக்குச் சோறு போடுகிறது. எந்தச் சுவருக்கு எது பொருந்தும் என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

சுகிர்தாவுக்கு இருபத்து நான்கு வயது. முன்பற்களுக்கு நடுவே சின்னதாக ஓர் இடைவெளி. பிறகு முளைத்த பற்களும் கொஞ்சம் தள்ளித் தள்ளி நின்றுவிட்டன. வந்த இரண்டு வரன்கள் காரணம் சொல்லாமலே கைவிட்டுப் போயின. மூன்றாவது, கல்லிடைக்குறிச்சிப் பையன். நல்ல குடும்பம். பெண் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது பையனைப் பெற்றவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பல்ல மட்டும் சரி பண்ணிருங்க அண்ணாச்சி. தையிலயே முடிச்சிரலாம்."

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தன்மையாகத்தான் சொன்னார்.

முதலில் டாக்டர் சபீதாவிடம் போனோம். "ஒரு பொட்டுச் சொத்தை இல்ல. கம்பி போட்டா ஒன்றரை வருஷத்துல பைய சேந்துரும். பல்லு மேல உறை மாதிரி கேப் போடணும்னா ஆறு நல்ல பல்லயும் சுத்தி அரைச்சுக் குச்சியாக்கணும். அரைச்ச பல்லு வளராது அண்ணாச்சி. நான் செய்ய மாட்டேன்" என்றார்.

ஒன்றரை வருஷம் எந்த வீட்டில் காத்திருப்பார்கள்?

நான் அவசரப்படவில்லை. விசாரித்தேன். கேப்பில் மூன்று ரகம். உள்ளே உலோகம் வைத்து மேலே பீங்கான் பூசியது ஒன்று. நாளானால் ஈறோரம் கறுப்புக் கோடு தெரியும், வேண்டாம் என்று தள்ளினேன். அடுத்தது ஜிர்கோனியா. இரும்பு மாதிரி. லாரி ஏறினாலும் தாங்கும் தரை டைல்ஸ் போல. ஆனால் முன்பல்லுக்கு வைத்தால் உயிரில்லாத வெள்ளை. மூன்றாவது கண்ணாடிப் பீங்கான். வெளிச்சம் உள்ளே கொஞ்சம் இறங்கித் திரும்பும், அசல் பல் போலவே. கடைவாய்க்கு வேண்டுமானால் ஜிர்கோனியாவை யோசிக்கலாம், முன்வரிசைக்கு இதுதான். என் மகளுக்கு மட்டமான சாமானை நான் தேர்ந்தெடுக்கவில்லை என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

வீட்டில் சொன்னதும் அவள் சிரித்தாள். "எம் பல்லு என்ன பாத்ரூம் செவுராப்பா, பேத்துட்டு வேற ஒட்டுததுக்கு? இந்தப் பல்லோட பிடிச்சா கட்டட்டும். இல்லாட்டி போகட்டும்."

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை. அதனால் பேசவில்லை. பல் சுத்தம் பண்ண வேண்டும் என்று சொல்லி டாக்டர் பெருமாள்ராஜிடம் கூட்டிப்போனேன். அவரைத் திட்டாதீர்கள். வாசலில் கூட்டம். நான் முன்னதாகவே அவரிடம் சொல்லியிருந்தேன்: "எல்லாம் எடுத்துச் சொல்லிட்டேன் டாக்டர். பயந்த பிள்ள. மறுபடி சொன்னீங்கன்னா எந்திச்சு ஓடிரும்."

சுத்தம் பண்ணுவதற்கு ஊசி எதற்கு என்று கேட்டாள். ஈறு வலிக்காமல் இருக்க என்றேன். நம்பினாள். என்னை எப்போதும் நம்புகிற பெண்தான்.

இன்று காலை, தற்காலிகமாக ஒட்டியிருந்த கேப் ஒன்று கழன்றிருக்கிறது. உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டுத்தான் கண்ணாடியை உடைத்தாள். அசல் கேப் வந்துவிட்டால் எதுவும் தெரியப் போவதில்லை. அதைத்தான் கதவுக்கு வெளியே நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அவள் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவன் வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. அதைச் சுகிர்தா உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கே அது சரியாகக் காதில் விழுந்திருக்காது.

முதல் பல்லை அரைத்து முடித்ததும் டாக்டர் மெஷினை நிறுத்தினார். நிறம் பார்க்கும் மாதிரிப் பற்களை அவள் உதட்டோரம் வைத்தார். அப்போதுதான் அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். என் சட்டையை எட்டிப் பிடித்து ஏதோ சொன்னாள். உதடு மரத்திருந்தது. வாயை விரித்துப் பிடிக்கும் வளையம் வேறு. டாக்டருக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. பேசத் தெரியாத வயதிலேயே அவள் பேச்சு எனக்குப் புரியும். வேண்டாம்ப்பா, இதோட நிறுத்தச் சொல்லுங்க என்றாள்.

இன்னும் ஐந்து பற்கள் முழுசாக இருந்தன.

"என்ன சொல்லுதாங்க அண்ணாச்சி?" என்று டாக்டர் கேட்டார்.

சட்டையிலிருந்து அவள் கையைப் பைய எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

"இன்னும் கொஞ்சம் வெள்ளையா இருக்கட்டும்னு சொல்லுதா டாக்டர்."