நாலேகால் முதல் ஐந்தே முக்கால் வரை

வயர்லெஸ் ரவுட்டரை வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரமான இடத்தில் வைக்க வேண்டும். மூலையில் வைத்தால் பாதி அலை மதிலுக்கு வெளியே போய்விடும். தாண்டவன்வெளியில் எங்கள் வீட்டின் நடுவில், உயரத்தில் இருந்தது சுருபத் தட்டு மட்டும்தான். ஆகவே மாதாவுக்கும் அந்தோனியாருக்கும் இடையில் அதை வைத்தேன். அம்மா மறுப்புச் சொல்லவில்லை. சுருபங்களுக்குத் தூசி தட்டும்போது அதையும் சேர்த்துத் துடைத்து வைத்தார்.

நான் வந்தாறுமூலைக் கம்பஸில், கணினி ஆய்வுகூடத்தில் வேலை செய்தவள். இப்படியான காரியங்களுக்கு நான் ஆள் தேடுவதில்லை. லைன் இழுக்க வந்தவர்கள் கதவுக்குப் பக்கத்தில் மொடத்தைப் பூட்டிவிட்டு, இதிலேயே வைஃபை வருமே, இன்னொரு பெட்டி எதற்கு என்று கேட்டார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். மொடம் வெளியிலிருந்து லைனை வீட்டுக்குக் கொண்டுவரும், அவ்வளவே. தனியாக ரவுட்டர் போட்டால்தான் வீட்டுக்குள் யாருக்கு, எந்த நேரம், எவ்வளவு என்பதை நாங்கள் தீர்மானிக்கலாம். மொடத்தின் வைஃபையை அணைத்தேன். அதிலிருந்து ஒரு வயரை எடுத்து ரவுட்டரின் நீலத் துளையில் செருகினேன். இரண்டு நிமிடம் பொறுத்தேன். மொடத்தில் பச்சை எரிந்தது, பிறகு ரவுட்டரிலும் எரிந்தது. வைஃபைக்கு என்ன பெயர் வைப்பது என்று அம்மாவிடம் கேட்டேன்.

"றொசானி எண்டு வையன் மகள்," என்றார். அப்படியே வைத்தேன்.

றொசானி என் தங்கச்சி. புருஷன் இன்னொருத்தியோடு போன பிறகு, மூன்று வயது ஜக்குலினை எங்கள் கையில் தந்துவிட்டு குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். எனக்கும் என் கணவர் பிறின்ஸுக்கும் கல்யாணமாகிப் பதினொரு வருடம், பிள்ளை இல்லை. அவர் லொறி ஓடுகிறவர், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டைக் காண்பார். இரக்கம் தேடி இதைச் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் யார் இருந்தோம் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

றொசானி வேலை செய்யும் வீட்டு மெடம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு படுப்பாவாம். அந்த நேரம் மட்டும்தான் போன் றொசானியின் கைக்கு வரும். நமக்கு அது பின்னேரம் நாலரை. அம்மாவிடம் சிம் இல்லாத, வைஃபையில் மட்டும் ஓடும் ஒரு டெப் இருந்தது. நாலு மணிக்கே அதை எடுத்துக்கொண்டு, சுருபத் தட்டுக்குக் கீழே பாயை விரித்து, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். டெப் அடித்தால் பச்சைப் பொத்தானைத் தொட வேண்டும். அம்மாவுக்கு அதில் தெரிந்தது அந்த ஒன்றுதான்.

"பல்லக் காட்டுங்க என்ட செல்லம், எத்தினை பல்லு முளைச்சிருக்கு பாப்பம்," என்பாள் றொசானி. பிள்ளை பல்லைக் காட்டும். அம்மா சிரித்துக்கொண்டே அழுவார். சனி ஞாயிறுகளில் நானும் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

மற்ற நாட்களில் நான் பஸ் ஏறி, செங்கலடிச் சந்தியில் சனம் ஏறி இறங்கும் வரை காத்துக்கிடந்து, வீடு வந்து சேர ஐந்தரை ஆகும். வந்தால் பிள்ளை டெப்பைக் கவிழ்த்துப் பின்பக்கம் தேடிக்கொண்டிருக்கும், தாய் அங்கே ஒளிந்திருக்கிறாளா என்று. பிறகு அழுகை தொடங்கும். ஒரு பிடி சோறு இறங்காது. ஏங்கி ஏங்கி என் தோளிலேயே நித்திரையாகிவிடும். அந்தப் பாரம் தோளில் இருக்கும்போது எனக்கு என்ன செய்தது என்று சொல்லத் தெரியவில்லை. இறக்கிப் படுக்க வைக்க மனம் வராமல் அப்படியே நடந்துகொண்டிருப்பேன்.

ஒரு வியாழக்கிழமை பிள்ளைக்குக் காய்ச்சல். அழுதால் கூடிவிடும். அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். ரவுட்டரின் செற்றிங்கில் பிள்ளைகளுக்கென்று ஒரு பக்கம் உண்டு. இன்ன கருவிக்கு இன்ன நேரம் இன்டர்நெட் வேண்டாம் என்று அதில் குறித்து வைக்கலாம். அம்மாவின் டெப்பைத் தெரிவு செய்தேன். நாலேகால் முதல் ஐந்தே முக்கால் வரை என்று போட்டேன். 'ஒவ்வொரு நாளும்' என்ற இடத்தில் முன்னமே சரி போட்டிருந்தது. நான் அதை எடுக்கவில்லை. அன்றிரவு பிள்ளை ஒரு கோப்பை கஞ்சி குடித்தது.

"என்னகா இது, பச்ச எரியுது, அவள் எடுக்கிறாள் இல்லயே?" என்று அம்மா கேட்டார்.

"வேலை கூடவாக்கும் அம்மா."

பச்சை எரிந்தால் மகள் வருவாள் என்பது அம்மாவின் கணக்கு. மொடத்துக்கு லைன் வருகிறது, ரவுட்டர் விடவில்லை என்பதை அவருக்கு யார் சொல்வது? சொல்லக்கூடியவள் நான் ஒருத்திதான்.

ஐந்தே முக்காலுக்கு டெப்புக்கு மறுபடி இன்டர்நெட் வரும். றொசானி எடுத்த அழைப்புகளும் அனுப்பிய குரல் பதிவுகளும் ஒன்றாக வந்து விழும். அதற்கு முன்னமே டெப்பை சார்ஜ் போடுவதற்கு என் அறைக்குக் கொண்டுபோய்விடுவேன். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். "ஜக்கு, அம்மா இஞ்ச கையச் சுட்டுப்போட்டன், பெரிய காயமில்ல, நீங்க ஊதிவிட்டாச் சுகமாயிடும்." இப்படி இருக்கும். சிலவற்றில் பாட்டு. கேட்ட பிறகுதான் அழிப்பேன். கேட்காமல் ஒன்றைக்கூட நான் அழித்ததில்லை.

றொசானி என் போனுக்கும் எடுப்பாள். நான் வேலையில் நிற்பேன், இல்லாவிட்டால் பஸ்ஸில் நிற்பேன்.

"அக்கா, அம்மாட டெப் ஏன் எடுபடுதில்ல?"

"லைன் பிழை. கம்பனிக்குச் சொல்லியிருக்கன். நீ வேற நேரத்தில எடு."

"வேற நேரம் எனக்கு ஏதுக்கா? உங்கட காலில விழுறன், அந்த லைனைக் கொஞ்சம் பாருங்க. புள்ளட முகத்தப் பாக்காம எனக்கு இஞ்ச ஒரு வேலையும் ஓடுதில்ல."

"பாக்கிறன்," என்றேன். அவள் அழுது முடியும் வரை நான் அழைப்பை வெட்டமாட்டேன். சனி ஞாயிறுப் பின்னேரங்களில் அவள் எடுப்பதற்கு முன்னமே பிள்ளையைக் கல்லடிக் கடற்கரைக்குக் கூட்டிப்போகத் தொடங்கினேன். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். பிள்ளைக்குக் கடல் நல்ல விருப்பம்.

அம்மா லேசில் விடுகிறவர் இல்லை. ஒரு காலை என்னிடம் சொல்லாமல் ஓட்டோ பிடித்து, டெப்பை நௌஷாட்டின் போன் கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். கடை வைஃபையில் அது நன்றாக வேலை செய்திருக்கிறது. "டெப்ல ஒரு பிழையும் இல்லம்மா, வீட்டு ரவுட்டரத்தான் பாக்கணும். மகளுக்குத் தெரியுமே, பாக்கச் சொல்லுங்க," என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் அவர்.

அன்று பின்னேரம் நான் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, லெப்டொப்பில் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அம்மாவின் டெப்பின் பெயர், அதற்கு நேரே நேரங்கள். எல்லாம் ஆங்கிலத்தில். அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, சரியாக அந்த வரியில் விரலை வைத்தார்.

"இது என்ன மகள்?"

"அது மணி காட்டுறது அம்மா."

"மணி சரியாத்தான் கிடக்கு," என்று சொல்லிவிட்டு விரலை எடுத்தார். மறுபடி கடைக்குப் போக அவருடைய முழங்கால் விடவில்லை. நானும் ஓட்டோ பிடித்துக் கொடுக்கவில்லை.

அதன் பிறகு அம்மா தனக்குத் தெரிந்ததைச் செய்தார். காணாமற்போனதைத் தேடித் தருகிறவர் அந்தோனியார். பதின்மூன்று செவ்வாய்க்கிழமை நேர்த்தி வைத்தார், லைன் சரிவர வேண்டும் என்று. ஒவ்வொரு செவ்வாயும் ஒரு நேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி இருந்து, டெப்பை அந்தோனியாரின் காலடியில், ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்து மெழுகுதிரி கொளுத்துவார். நாலரைக்கு மொடத்தின் ப்ளக்கைக் கழற்றி, சிலுவை அடையாளம் போட்டு, மறுபடி செருகுவார். பிள்ளை பக்கத்தில் நின்று, பச்சை வந்ததும் கைதட்டும். பிறகு இரண்டு பேரும் பாயில் இருந்து டெப்பைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். பதின்மூன்றாம் செவ்வாய் நான் லீவு எடுத்துக்கொண்டு அவரோடு சேர்ந்து முழந்தாளில் நின்று செபித்தேன். அவர் தனியாக நிற்பதைப் பார்க்க எனக்கு மனமில்லை.

பிள்ளை என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிட்டது. நாள் போகப் போக அது அம்மா என்றாகிவிட்டது. நான் சொல்லிக் கொடுக்கவில்லை. திருத்தவும் இல்லை. முதன்முதலில் அப்படிக் கூப்பிட்ட அன்று நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடமே செத்தாலும் பரவாயில்லை என்றிருந்தது.

அடுத்த கிழமை றொசானி கேட்டாள்: "அம்மா என்னோட கோவமா அக்கா? உண்மையச் சொல்லுங்க. புள்ளைய விட்டுட்டுப் போயிட்டன் எண்டுதானே எடுக்கிறா இல்ல?"

பஸ்ஸில் சரியான சனம். ஒருத்தி கூடையோடு என் காலில் ஏறி நின்றாள். விளங்கப்படுத்த அது இடமில்லை.

"கொஞ்சம்," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் டெப்புக்கு எடுப்பது குறைந்தது. ஐந்தே முக்காலுக்கு வந்து விழுபவை இரண்டாகி, ஒன்றாகி, சில நாட்களில் ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்படிப்பட்ட நாட்களில் எனக்கே என்னவோ போலிருக்கும்.

அம்மா மாசி மாதத்தில் போனார். நித்திரையில் போனார், துன்பப்படவில்லை. கடைசிக் கிழமையில் ஒரு தரம் என் கையைப் பிடித்து, "அவள் எங்கள மறந்துட்டாள் மகள். நீ அவளோட கோவிக்காத, தனிய நிண்டு என்ன பாடு படுறாளோ," என்றார். நான் கோவிக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இன்று வரை காப்பாற்றுகிறேன்.

செத்தவீட்டை றொசானிக்கு என் போனில் காட்டினோம். பிறின்ஸ் போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். லைன் ஒரு தரம்கூட வெட்டுப்படவில்லை. பெட்டியில் கிடந்த அம்மாவின் முகம், மடித்த கைகளில் செபமாலை, எல்லாம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

"இப்ப மட்டும் நல்லாத் தெரியுதே அக்கா," என்றாள். குற்றமாகச் சொல்லவில்லை, வாய்தவறி வந்த சொல். பிறகு, "என்னோட கோவத்தோடயே போயிட்டாவா?" என்று கேட்டாள்.

உண்மையைச் சொல்ல அதுதான் கடைசி இடம் என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பிள்ளை என் இடுப்பில் இருந்தது, கழுத்தைக் கட்டிப்பிடித்தபடி. போனில் தெரிந்த முகத்தைப் பார்த்து, "அது ஆரம்மா?" என்று என்னிடம் கேட்டது.

றொசானிக்கு அது கேட்டுவிட்டது. "உங்களையே அம்மா எண்டு நினைக்கட்டும் அக்கா," என்றாள். "நான் இனி ஆருக்காக வரணும்?" அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. இன்னும் இரண்டு வருடம் அங்கேயே நிற்கப் போவதாக அறிவித்தாள். பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சம்மதம் என்று தூதரகத்தில் கையொப்பம் வைத்து அனுப்பினாள். நான் வேலையை விட்டுவிட்டேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே.

போன செவ்வாய்க்கிழமை நன்னடத்தை உத்தியோகத்தர் இர்ஷானா மிஸ் தத்து விசாரணைக்கு வந்தார். நல்ல மனுஷி. சுருபத் தட்டுக்குக் கீழே கதிரை போட்டு இருத்தினேன். தலைக்கு மேலே பச்சை எரிந்துகொண்டிருந்தது. நேரம் நாலரை இருக்கும்.

"பெத்த தாய் இந்த ஒரு வருசத்தில பிள்ளையோட தொடர்பு வச்சிருந்தாவா? போன் கீன் எடுத்துக் கதைச்சாவா?" என்று படிவத்தைப் பார்த்துக் கேட்டார்.

"இல்ல மிஸ். ஒரு நாளும் கதைக்கல்ல."

எழுதிக்கொண்டார். "சில தாய்மார் அப்பிடித்தான்," என்றார்.

"அப்பிடிச் சொல்லாதீங்க மிஸ், என்ட தங்கச்சி நல்லவள்," என்றேன். தங்கச்சியைப் பற்றி ஒருவரிடமும் நான் ஒரு குறை சொன்னதில்லை. விசாரித்துப் பார்க்கலாம்.

ரவுட்டரில் நான் போட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. எடுக்கத்தான் இருந்தேன், நேரம் வாய்க்கவில்லை. டெப்பில் இப்போது ஜக்குலின் கார்ட்டூன் பார்க்கிறாள். நாலேகால் ஆனதும் படம் நின்றுவிடும். அவள் அழுவதில்லை. டெப்பைக் கொண்டுவந்து, கதிரையில் ஏறி அந்தோனியாரின் காலடியில் வைத்துவிட்டு, ஓடிவந்து என் மடியில் ஏறிக்கொள்வாள். பிள்ளைகளுக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்தானே. அதற்காகத்தான் அந்தப் பக்கத்தையே வைத்திருக்கிறார்கள்.