இடது துடுப்பு

மாத வாடகை கொடுத்து ஒரு வீட்டில் குடியிருப்பவர் அதே ஊரில் விடுதி அறை எடுத்துத் தங்கமாட்டார். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு எதுவும் தேவையில்லை, மேடம். எனக்குத்தான் சில வருடங்கள் ஆயின.

நீங்கள் வாங்கிக் கொடுத்த தேநீர் நன்றாக இருந்தது. நடந்ததை என் போக்கில் சொல்லச் சொன்னீர்கள். நடுவில் நான் நிறுத்தினால் எதையோ மறைக்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பேச்சு அப்படித்தான் வரும். என் மனைவி கேட்டால் சொல்வாள்: "இவர் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள உலை கொதிச்சு அடங்கிடும்."

நான் கம்ப்யூட்டர் விளையாட்டுகள் செய்கிறவன். வெளியே பலகை பெரிதாக இருந்தாலும் உள்ளே இரண்டே பேர்தான். நிரல் எழுத நான், படம் வரைய என் மனைவியின் தம்பி. சலவைக்கடை ஒன்றின் மாடியில் எங்கள் அறை. கீழே இயந்திரம் வேகமெடுக்கும்போதெல்லாம் மேஜை லேசாக நடுங்கும். அந்த நடுக்கம் நின்றால்தான் எங்களுக்கு வேலை ஓடாது.

நாங்கள் செய்தது ஒரு படகு விளையாட்டு. ஒருமுறை வாங்கினால் போதும், பிறகு அது உங்களுடையது. ஏழு ஏரிகள். சண்டை கிடையாது, மதிப்பெண் கிடையாது. பொத்தான்கள் இரண்டுதான். ஒன்று இடது துடுப்பு, மற்றது வலது துடுப்பு. மாற்றி மாற்றி அழுத்தினால் படகு நேராகப் போகும். ஒன்றை மட்டும் அழுத்திப் பிடித்தால் வட்டமடிக்கும். எதையுமே தொடாமல் விட்டுவிட்டால் மெல்ல மிதந்துபோய்க் கரையோர நாணலில் ஒதுங்கி நிற்கும். அந்த ஒதுங்கலைச் சரியாகக் கொண்டுவர எனக்கு ஒரு மழைக்காலம் முழுவதும் ஆனது. தொடாவிட்டால் ஒதுங்கும். இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெளிவந்த புதிதில் நன்றாக வாங்கினார்கள். பிறகு அந்தப் பெரிய விளையாட்டு வந்தது. மாதச் சந்தா கட்டிவிட்டால் முடிவே இல்லாமல் விளையாடலாம். எங்களிடம் வந்துகொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். திட்டிவிட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் தன்மையாகத்தான் எழுதினார்கள். "உங்க படகு எனக்கு ரொம்பப் பிடிக்கும்ங்க. ஆனா அங்க மாசத்துக்குக் கட்டிட்டேன். ஓட்டலைன்னா வீணாப் போயிடுமேன்னு இருக்கு."

இதில்தான் சூட்சுமம் இருக்கிறது. எங்கள் விளையாட்டு விலை கூடுதல் என்று யாரும் சொல்லவில்லை. ஒருமுறை இலவசமாகவே கொடுத்துப் பார்த்தோம். வாங்கி வைத்துக்கொண்டார்கள், திறக்கவில்லை. சந்தா கட்டியவருக்கு வேறெங்கோ கழிக்கும் ஒவ்வொரு மாலையும் நஷ்டம். பணம் ஒரு இடத்தில் கட்டியாகிவிட்டதால் மனமும் அங்கேயே கட்டுப்பட்டு நிற்கிறது. வெளியே எதை வாங்கினாலும் அது ஊதாரித்தனமாகத் தோன்றுகிறது.

அவர்கள் எங்கே போனார்கள் என்று பார்க்க நானும் சந்தா கட்டி உள்ளே போனேன்.

அதைச் செய்தவர்களை மெச்சத்தான் வேண்டும். அங்கே தனியாக விளையாட முடியாது. ஒரு கூட்டத்தில் சேரவேண்டும். கூட்டத்துக்கு ஒரு வீடு, வீட்டுக்கூடத்தில் ஒரு விளக்கு. அந்த விளக்குக்கு நாள் முழுவதும் முறை வைத்து எண்ணெய் ஊற்றவேண்டும். ஒருவர் தவறவிட்டு விளக்கு அணைந்தால் வீடு பூட்டிக்கொள்ளும், எல்லாரும் சேர்த்தது எல்லாம் போய்விடும். தன் பணம் போனால் போகட்டும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அடுத்தவர் முகத்தில் விழிக்க முடியாதே என்பதற்காகத்தான் எவரும் சந்தாவை நிறுத்துவதில்லை.

என் கூட்டத்தில் எனக்கு முந்தைய முறை பல்லக்காவுடையது. பல் செட் செய்து கொடுக்கும் ஒரு கூடத்தில் வேலை செய்ததால் அந்தப் பெயர். அவரே வைத்துக்கொண்டது. "ஊர்ல இருக்கிறவங்க சிரிப்பெல்லாம் என் மேஜைமேலதான் காயுது தம்பி" என்பார். தனியாக இருந்தார். சிறு வயதிலிருந்தே சர்க்கரை நோய். தினமும் ஊசி. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட மறந்தால் சர்க்கரை இறங்கி மயக்கம் வந்துவிடும். ஏற்கெனவே இரண்டொரு முறை அப்படி விழுந்திருக்கிறார்.

"மறக்கவே மாட்டேன், கவலைப்படாதீங்க" என்று எல்லாரிடமும் சொல்லுவார். "விளக்குக்கு எண்ணெய் ஊத்தற நேரம்தான் எனக்கும் சோத்து நேரம். ஊசியப் போட்டுட்டு வந்து எண்ணெய ஊத்துவேன், அடுத்த கையில தட்டு. அந்த விளக்கு இல்லைன்னா நான் எப்பவோ போய்ச் சேர்ந்திருப்பேன்."

அதனால் எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. வேறு எந்தக் கூட்டத்திலும் இது கிடையாது. பல்லக்காவின் முறையை யாராவது வாங்கிக்கொண்டால் அவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு "சாப்பிட்டாச்சா அக்கா?" என்று கேட்கவேண்டும். கேட்டுவிட்டுக் கூட்டத்தில் "சாப்பிட்டாங்க" என்று ஒரு வார்த்தை போடவேண்டும். அவர் எடுக்காவிட்டால் கீழ்வீட்டுக்காரருக்குக் கூப்பிடவேண்டும். அவரிடம் மாற்றுச் சாவி இருந்தது. இரண்டு எண்களும் என்னிடம் இருந்தன.

ஒருநாள் பேச்சுவாக்கில் பல்லக்கா சொன்னார். "முன்னாடி ஒரு படகு விளையாட்டு வாங்கினேன். வந்த அன்னிக்கே வாங்கினேன். மூணாவது ஏரியோட நிக்குது. முடிக்கணும் முடிக்கணும்னு பார்க்கிறேன், எங்க, இந்த விளக்கு விட்டாத்தானே?"

அதைச் செய்தவன் நான்தான் என்று கடைசிவரை அவருக்குச் சொல்லவில்லை. கூச்சம்தான், வேறு காரணம் இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

விளையாட்டுகளை விற்கும் இணையக் கடைக்கு ஒரு முகப்பு அலமாரி உண்டு. அதில் இடம் கிடைத்தால் பிழைத்தோம். அந்த வாரம் அவர்கள் ஒரு புது முறை அறிவித்திருந்தார்கள். விளையாட வந்தவர்கள் சராசரியாக எவ்வளவு நேரம் தங்குகிறார்கள் என்று பார்த்து, அதிலிருந்து சின்ன விளையாட்டுகளைத் தேர்ந்தெடுப்பார்கள். திங்கள் காலையில் முடிவு. என் மைத்துனனுக்கு அதே திங்கட்கிழமை வேறொரு கம்பெனியில் சேரும் நாள். மனைவி அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருந்தாள். அவள் பேசுவதை நிறுத்தினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

மைத்துனன்தான் சொன்னான். "நாமளே நாலு கம்ப்யூட்டர்ல ஓடவிட்டுட்டுப் படத்துக்குப் போயிடலாம் மாமா. நேரம் தானா ஏறும். யாருக்குத் தெரியப்போவுது?"

"அது மோசடி" என்றேன்.

"நீங்க நல்லவரா இருந்துகிட்டே நம்ம கடையச் சாத்தப்போறீங்க" என்றான்.

நான் மோசடி செய்கிறவன் இல்லை, மேடம். உண்மையான ஒருவர், விரும்பி வந்து, நீண்ட நேரம் விளையாடவேண்டும். எங்களிடம் வருகிறவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணும்படிதான் இருந்தார்கள். அதனால் ஒருவரே போதும். ஒருவர் நீண்ட நேரம் உட்கார்ந்தால் சராசரி மேலே போய்விடும்.

அன்று மதியம் பல்லக்காவுக்கு எழுதினேன். இன்று மாலை உங்கள் முறையை நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய் அந்தப் படகை ஓட்டி முடியுங்கள் என்று.

"அந்தப் படகுக்காரன் உங்களுக்கு மச்சானா, மாமனா? இப்படிப் பரிஞ்சு பேசறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். பிறகு, "சரி தம்பி. நீங்க சொல்றதுக்காகப் போறேன். அப்புறம் கூப்பிட்டு ஞாபகப்படுத்துங்க, என்ன?" என்றார்.

கூப்பிடுகிறேன் என்றேன். அப்போது கூப்பிடத்தான் நினைத்திருந்தேன்.

யார் எந்த ஏரியில் இருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு வரைபடம் என் இரண்டாவது திரையில் எப்போதும் திறந்திருக்கும். ஒருவருக்கு ஒரு வெள்ளைப் புள்ளி. பெரும்பாலான நாள்களில் அது வெறும் நீலமாகவே இருக்கும். அன்று சாயங்காலம் வெயில் ஜன்னலை விட்டு இறங்கும் நேரத்தில் மூன்றாவது ஏரியில் ஒரு புள்ளி தோன்றியது. தொட்டுத் தொட்டு, நிதானமாக, நான் நினைத்து நினைத்துச் செய்த அந்தத் தீவை அது சுற்றி வந்தது. மரம் நீரில் சாய்ந்திருக்கும் இடத்தில் நின்றது. அங்கே நிற்கவேண்டும் என்பதற்காகத்தான் நான் அதைச் சாய்த்து வைத்திருந்தேன். அதுவரை யாரும் நின்றதில்லை.

விளக்கு நேரம் வந்தது. அவருடைய முறைக்கு நானே எண்ணெய் ஊற்றினேன். தொலைபேசியைக் கையில் எடுத்தேன். கூப்பிட்டால் அவர் எழுந்து சமையலறைக்குப் போவார். சாப்பிட உட்கார்ந்தால் அப்படியே அந்தப் பெரிய விளையாட்டுக்குப் போய்விடுவார், எல்லாரும் அப்படித்தான். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும் என்று தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் புள்ளி வட்டமடிக்கத் தொடங்கியது.

ஒரே அளவான வட்டம். வலப்பக்கமாக, மாறாமல், ஒரே வேகத்தில். இடது துடுப்பு மட்டும்.

மைத்துனன் தன் பேனா, தூரிகைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். அந்த வழியாகப் போகும்போது குனிந்து பார்த்தான். "என்ன மாமா இது, செக்குமாடு மாதிரி ஒரே சுத்தா சுத்துது? விளையாட்டுல ஏதாவது கோளாறா?"

"இல்லை. ஏரியப் பார்த்துக்கிட்டிருக்காங்க."

"சுத்திச் சுத்தியா?"

"சில பேர் அப்படித்தான் பார்ப்பாங்க."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிவிட்டுப் பெட்டியைக் கட்டினான். கீழே சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் திரையைச் சற்று என் பக்கம் திருப்பிக்கொண்டேன். அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவனை இதில் இழுக்கவேண்டாம்.

கூட்டத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பேருந்து ஓட்டுநர் இருந்தார், அவர்தான் முதலில் கேட்டது. "இன்னிக்கு அக்கா முறைய நீங்க வாங்கிக்கிட்டீங்களே, பேசினீங்களா? இன்னும் நீங்க ஒண்ணும் போடலையே?"

நான் வரைபடத்தைப் பார்த்தேன். மேடம், நீங்கள் கேட்கப்போவது இதைத்தான் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தொடாவிட்டால் படகு ஒதுங்கும். ஒதுங்கவில்லை என்றால் பொத்தான்மேல் ஏதோ ஒன்று அழுந்தியிருக்கிறது. ஒரு கை அழுந்தியிருக்கலாம், நெற்றி அழுந்தியிருக்கலாம். அந்த விளையாட்டில் எனக்குத் தெரியாத அசைவு எதுவுமே கிடையாது. உலகத்தில் அந்த வட்டத்தைப் பார்த்ததும் அர்த்தம் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

"பேசிட்டேன். சாப்பிட்டாங்க" என்று எழுதினேன்.

"அப்பாடா" என்று எழுதினார் ஓட்டுநர். இன்னும் இரண்டு மூன்று பேர் கும்பிடுவது போன்ற படம் போட்டார்கள்.

கீழ்வீட்டுக்காரருக்கு நான் கூப்பிட்டிருந்தால் அவர் மாடிப்படி ஏறிப்போக எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று நீங்கள் அளந்து பார்த்திருப்பீர்கள். வாயில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டால் போதும் என்று மருத்துவரும் சொல்லியிருப்பார். எனக்கும் தெரியும். பல்லக்கா எங்கள் எல்லாருக்கும் சொல்லிக்கொடுத்திருந்தார்.

அடுத்த முறை என்னுடையது. அதற்கும் எண்ணெய் ஊற்றினேன். எங்கள் கூட்டத்தின் விளக்கு அன்று ஒரு நொடிகூட மங்கவில்லை. இதை யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

வீட்டுக்குப் போனேன். மனைவி சாப்பாடு போட்டாள், சாப்பிட்டேன். வெகுநாளைக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன். திங்கள் காலையில் எங்கள் படகு முகப்பு அலமாரியில் இருந்தது. மைத்துனன் புது வேலைக்குப் போகும் வழியில் பார்த்துவிட்டுப் பாதியிலேயே திரும்பி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். மத்தியானத்துக்குள் வரைபடத்தில் ஏரிகள் முழுவதும் புள்ளிகள். சந்தா கட்டியவர்கள், வருடக்கணக்கில் வேறெதையும் வாங்காதவர்கள், வாங்கினார்கள். அவ்வளவு கூட்டத்திலும் மூன்றாவது ஏரியில் அந்த ஒரு புள்ளி மட்டும் எனக்குத் தனியாகத் தெரிந்தது. வேலைக்கு வரவில்லையே என்று பல் செட் கூடத்துக்காரர் ஆள் அனுப்பி, கதவைத் திறந்து, யாரோ அந்தக் கையைப் பொத்தான்மேலிருந்து எடுக்கும்வரை அது சுற்றிக்கொண்டிருந்தது. எடுத்த பிறகு மெல்ல மிதந்துபோய் நாணலில் ஒதுங்கியது. அந்த ஒதுங்கல் நான் நினைத்ததைவிட அழகாக வந்திருந்தது.

அந்தப் புள்ளி சுற்றிய பதிவை நான் அழித்திருக்கலாம். அழிக்கவில்லை, நானே எடுத்து உங்களிடம் கொடுத்தேன். நான் கூப்பிடவில்லை, பொய் சொன்னேன், ஓர் உயிர் போவதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இவை மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆனால் கடையின் கணக்கில் ஏறிய அந்த நேரம் கள்ளக் கணக்கு என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அதை மட்டும் அடித்துவிடுங்கள். என் விளையாட்டை அதுவரை ஒருவரும் அவ்வளவு நேரம் விளையாடியதில்லை. பிடிக்காமல் ஒருவர் அப்படி உட்கார்ந்திருப்பாரா, மேடம்?