சவுரியப்பனின் ரத்த அளவு

உட்காருங்கள் இன்ஸ்பெக்டர். அந்த மின்விசிறி கொஞ்சம் முனகும், ஆனால் காற்று நன்றாக வரும்.

பாலக்கோட்டில் இந்தக் கிளினிக்கை அறுபத்தாறில் திறந்தேன். கூலிக்காரர்களிடம் காசு வாங்குவதில்லை. சவுரியப்பனிடமும் வாங்கவில்லை. அவர் மனைவி லூர்து மேரி இன்றைக்கும் என்னைப் பார்த்தால் கும்பிடுகிறாள். புகார் கொடுத்தது பங்குச்சாமியார்தான் என்று கேள்விப்பட்டேன்.

அர்ச்சுனனுக்கும் சவுரியப்பனுக்கும் ஒரே நோய். அமிலாய்டு என்கிற கழிவுப் புரதம் இதயச் சுவரில் படிந்து அதை இறுக்கிவிடும். அர்ச்சுனன் நிலபுலன் உள்ள விவசாயி. சவுரியப்பன் கரும்பு வெட்டும் கூலி. தசை நொந்தால் ரத்தத்தில் ஏறுகிற நொதி ஒன்று உண்டு, இதயமும் தசைதானே. அந்த அளவு அர்ச்சுனனைவிடச் சவுரியப்பனுக்கு இரண்டு மடங்கு இருந்தது. ஆனாலும் அர்ச்சுனனைத்தான் கார் வைத்துப் பெங்களூர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். சவுரியப்பனிடம், "உங்க ஜனங்களுக்கு ரத்தமே அப்படித்தான், பயப்படாதீங்க," என்றேன். நம்பித்தான் சொன்னேன். சாதிக்குச் சாதி இந்த அளவு மாறும், உழைக்கிற உடம்பில் அது கூடுதலாகத்தான் நிற்கும் என்று கட்டுரையும் எழுதினேன். சென்னை மாநாட்டில் வாசிக்கக் கூப்பிட்டார்கள். இருபது வருஷமாக இருமலுக்கு மருந்து எழுதியவனை அன்றுதான் ஒருவர் மதித்தார்.

பிறகு சவுரியப்பன் கால் வீங்கிப் படுத்துவிட்டார். உழைப்பால் ஏறிய அளவென்றால் ஓய்வில் இறங்க வேண்டும். ரத்தம் எடுத்துப் பார்த்தேன், இன்னும் ஏறியிருந்தது. நொந்துகொண்டிருந்தது இதயம்தான் என்று புரிந்துவிட்டது. பயமாக இருந்தது. அழைப்பிதழில் என் பெயர் அச்சாகியிருந்தது. மனிதன் எந்த முகத்தோடு பின்வாங்குவான், நீங்களே சொல்லுங்கள்.

அதனால் அவரை வேலைக்குப் போகச் சொன்னேன். கரும்பு வெட்டிய உடம்பில் எடுத்த ரத்தம் என்றால் அளவைப் பற்றி எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள்.

"மூச்சு முட்டுதுங்க டாக்டர். ரெண்டு நாளு வூட்டுல கெடக்கறனுங்களே," என்றார்.

"படுத்தா இன்னும் முட்டும். வேலையை விட்டீங்கன்னா அப்புறம் எங்கிட்ட வராதீங்க," என்றேன். காசு வாங்காத டாக்டர் அவருக்கு வேறு யார்? எழுந்து போனார்.

லூர்து மேரி தயங்கி நின்றாள். "ஒதடெல்லாம் நீலம் பாரிச்சிருக்குதுங்க. சாமியாரைக் கூட்டியாந்து அவஸ்தைப்பூசுதல் குடுக்கட்டுங்களா?"

சாகப்போகிறவருக்குத்தானே எண்ணெய் பூசுவார்கள், இவருக்கு எதற்கு என்று அனுப்பிவிட்டேன். பங்குச்சாமியாரிடம் ஜீப் உண்டு. அவர் பார்த்தால் அந்த நிமிஷமே ஏற்றிக்கொண்டு தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவார்.

மறுநாளே கரும்புத் தோட்டத்தில் விழுந்தார். நான் போனபோது உயிர் இருந்தது. முதலில் ரத்தம் எடுத்தேன். மற்றதற்கெல்லாம் அப்புறம் நேரம் இருக்கவில்லை.

ஆமாம், நான்தான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன் ஐந்து நிமிஷம் கொடுங்கள். வெளியே பெஞ்சில் அவர் தம்பி இன்னாசிராஜ் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கும் அதே மூச்சிரைப்பு. நேற்று முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டு வரச் சொல்லியிருந்தேன். ரத்தம் மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.