மூடிமேல் எழுதியது

— கதவைச் சாத்துங்கண்ணே. விசாரணைக் கமிட்டி கூப்பிடுறதுக்குள்ள பேசி முடிச்சிடணும்.

— சாத்தியாச்சு டாக்டரம்மா. என்ன விஷயம்?

— கேளுங்க, ரெண்டு தட்டுக்கும் மூடி மாறிப்போச்சு, மாத்தி மூடினது நீங்கதான்னு கமிட்டிகிட்ட ஒத்துக்கணும்.

— எந்தத் தட்டு?

— நாலாவது உறுப்பை எடுத்த ஈஸ்ட். முப்பத்தேழு டிகிரியில வளர்ந்துச்சே, அதுவும் பக்கத்துல வச்ச சாதாரண ஈஸ்ட் தட்டும்.

— அது வளராதே! இருபது வருஷமா இந்த லேப்ல ஈஸ்ட் வளர்க்கத் தட்டு ஊத்துறேன். ஜீனைப் படிச்சு நகலெடுக்கிற பாலிமரேஸுக்குப் பன்னிரண்டு உறுப்பு. நாலாவது இல்லேன்னா சாதாரணச் சூட்டுல நொண்டியடிச்சு ஓடும். சூட்டை ஏத்துனா முக்கால்வாசி ஜீன் ஊமையாயிடும். தட்டு வழுக்கை மண்டையாட்டம் கிடக்கும்.

— வளர்ந்துச்சுன்னு பேப்பர் போட்டாச்சு. மூணு லேப்ல செஞ்சு பார்த்துட்டாங்க. எங்கயும் வளரலை.

— ஈஸ்ட் உங்க பேப்பரைப் படிக்கலை போலிருக்கு.

— கிண்டல் வேண்டாம். என் பதினாலு வருஷம்ணே!

— என் வீட்டுக்காரி வாரம் மூணு நாள் டயாலிசிஸ்ல படுத்திருக்கா. வேலை போனா ஆஸ்பத்திரி அட்டையும் போகும். அட்டை போனா அவளும் போவா.

— வேலையெல்லாம் போகாது. சும்மா ஒரு எச்சரிக்கைதான் குடுப்பாங்க.

— மூடிமேல பேர் எழுதாதீங்க, அடியில எழுதுங்கன்னு வந்த அன்னிக்கே சொன்னேன்.

— அதனாலதான் நம்புவாங்க. மூடி யார் கையில வேணும்னாலும் மாறும்.

— என் கையில மாறாது. நான் ஊத்துற ஒவ்வொரு தட்டுக்கும் அடியில ஊசியால ஒரு கீறல் போடுவேன். வெளிச்சத்துல சாய்ச்சாத்தான் தெரியும்.

— சரி, அதனால என்ன?

— அந்த ரெண்டு தட்டுலயும் கீறல் இல்லை. அந்த வாரம் முழுக்க நான் ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தேன். ஊத்தினது, தடவினது, மூடினது எல்லாம் நீங்க.

— தட்டு எங்க? ஃப்ரிட்ஜ்லதானே இருக்கு? அண்ணே, சாவியைக் குடுங்க.

— காலையிலேயே கமிட்டிக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க.

— கீறல் விஷயம் அவங்களுக்குத் தெரியாதுல்ல?

— நான்தான் சாய்ச்சுக் காட்டினேன். பழியை நீங்க என் தலையில கட்டப் பார்ப்பீங்களான்னு கேட்டாங்க. எங்க டாக்டரம்மா அப்படிப்பட்டவங்க இல்லைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.