எட்டாவது பெட்டியில் இருந்தவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, படை மருத்துவமனையிலிருந்து வந்திருக்கும் டாக்டரம்மா அவர்களே, துயரத்தில் இருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியிலும் வந்து சேர்ந்திருக்கும் என் பழைய தோழர்களே! வணக்கம் சொல்லக் கை எழவில்லை. ஆனாலும் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்ல. நாற்பத்தோரு ஆண்டுகளுக்கு முன் நம் படைப்பிரிவின் ஆம்புலன்ஸை ஓட்டியவன். என் பக்கத்து இருக்கையில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர்தான் இன்று நாம் இழந்திருக்கும் மருத்துவ உதவியாளர், நம் டிங்சர் அண்ணன். ஏன் அந்தப் பெயர்? கால் காயத்துக்கும் டிங்சர், தலைவலிக்கும் டிங்சர்! "வயித்து வலிண்ணே" என்று போனவனிடம், "சட்டையைத் தூக்கு" என்று வயிற்றில் தடவி அனுப்பியவர் அவர். சிரியுங்கள், தவறில்லை. இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க ஒன்றுமில்லை.

மலையை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வந்த அந்த விடியற்காலை உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். வண்டியை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஸ்ட்ரெச்சர் தூக்க நானும் மேலே போயிருந்தேன். நடக்க முடிந்தவர்களை அழைத்துக்கொண்டு இறங்கினோம். நடக்க முடியாத ஏழு பேரைப் பாறைக் குடைவுக்குள் படுக்க வைத்தோம். மதியத்துக்குள் திரும்பி வந்து தூக்கிக்கொள்ளலாம் என்றார்கள். திரும்பினோமா? இல்லை! சண்டை நின்றபோது அந்த மலை எல்லைக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

எங்களோடு இறங்கியவர்களில் ஒருவன் விசில். இருபது வயது. சீட்டியடிக்காமல் அவனால் ஒரு வேலையும் செய்ய முடியாது. ஓடைக்கரையில் ஆள் எண்ணியபோது அவனைக் காணோம். "ஓடிட்டானா?" என்றார் அதிகாரி. அண்ணன் தலையாட்டினார். வாக்குமூலம் எழுதினார்கள். அண்ணன் கையெழுத்துப் போட்டார். அன்றோடு விசில் தப்பியோடியவன் ஆனான்.

அவன் வீட்டுக்குப் போலீஸ் போனது. பரணில் ஏறித் தேடினார்கள். பதின்மூன்று வயதுத் தங்கையை உட்கார வைத்து, "உங்க அண்ணன் எங்கம்மா ஒளிஞ்சிருக்கான்?" என்று கேட்டார்கள். நினைவுச் சுவரில் ஏழு பெயர்களைச் செதுக்கினோம். நாம் ஆண்டுதோறும் வரிசையாக நின்று வணங்கிய அந்தச் சுவரில் எட்டாவது பெயர் இல்லை.

போன ஆண்டுக்கு முந்தின ஆண்டு, அந்தப் பக்கம் சாலை போட மலையை வெட்டியபோது எலும்புகள் கிடைத்தன. பேச்சுவார்த்தை நடந்து, அவை நம்மிடம் வந்து சேர்ந்தன. ஏழு பேருக்காகக் காத்திருந்தோம். வந்தவை எட்டுப் பெட்டிகள்!

மரபணுச் சோதனையில் மூவரின் பெயர் தெரிந்தது. மற்றவர்களுக்கு ஒத்துப்பார்க்க ரத்த உறவு கிடைக்கவில்லை. அப்போதுதான், அவர்களின் பழைய முறிவுகளுக்குக் கட்டுப் போட்டவர் என்று டாக்டரம்மா அண்ணனை அழைத்தார். சர்க்கரை நோயில் அவருக்குக் கண் மங்கிப்போயிருந்தது. நான்தான் கையைப் பிடித்து, பெட்டிகளைத் திறந்து வைத்திருந்த நீள அறைக்குள் கூட்டிப்போனேன்.

"கையுறையைக் கழட்டிக்கலாமா, டாக்டரம்மா? விரலுக்கு ஒண்ணும் தெரிய மாட்டேங்குது."

அனுமதித்தார்கள். ஒரு தோள்பட்டை எலும்பைத் தடவிப் பெயர் சொன்னார். பிளந்து கூடிய ஒரு முழங்காலைத் தடவி இன்னொரு பெயர் சொன்னார். எட்டாவது பெட்டியில் வலது முன்கையைத் தொட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது நான் கட்டின கட்டு. கோணலா கூடியிருக்கு பாருங்க. லாரியிலேர்ந்து விழுந்தானே... இது விசில்."

டாக்டரம்மா மெதுவாகச் சொன்னார்: "இவர் பக்கத்துல நாலு தண்ணி பாட்டில் இருந்துச்சு, ஐயா. ஒரே பெல்ட்டுல கோத்துக் கட்டியிருந்தது."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஏன் தெரியுமா? இறங்கும் வழியில் விசில் எங்களிடம் கேட்டிருந்தான்: "அண்ணே, அவங்களுக்குத் தண்ணி வெச்சோமா?" நாங்கள் வைக்கவில்லை. காதில் விழாததுபோல் இறங்கிக்கொண்டே இருந்தோம். அவன் ஓடவில்லை, தோழர்களே! ஓடையில் பாட்டில்களை நிரப்பிக்கொண்டு மேலே திரும்பிப் போயிருக்கிறான். அந்தக் கேள்வியை வாக்குமூலத்தில் சொல்லியிருந்தால், தண்ணீர்கூட வைக்காமல் வந்தவர்கள் நாங்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

நாங்கள் என்கிறேன். அந்த வாக்குமூலத்தில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

மறுநாளே அண்ணன் விசிலின் தங்கை வீட்டுக்குப் போனார். நான் தெருமுனையிலேயே வண்டிக்குள் உட்கார்ந்திருந்தேன். அந்தத் தைரியம் எனக்கு இல்லை. அண்ணன் ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்ட அந்த அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "மன்னிக்கிறதெல்லாம் இருக்கட்டும். முதல்ல அவன் பேரைச் சரி பண்ணுங்க."

தப்பியோடியவன் வீட்டில் போய் யார் அதுவரை ரத்தம் கேட்டார்கள்? அதன்பிறகுதான் கேட்டார்கள். அந்த அம்மாவின் ரத்தம் ஒத்துப்போனது. அதற்குப் பின்னும் பழைய பதிவை மாற்றப் பதினான்கு மாதம்! பார்வை மங்கிய மனிதர் அலுவலகம் அலுவலகமாகப் படியேறினார். "பொய்ச் சாட்சி சொன்னேன்னு நீங்களே எழுதிக் கொடுக்கிறீங்களா?" என்று ஓர் அதிகாரி மிரட்டிப் பார்த்தார். "பேனா குடுங்க" என்றார் அண்ணன்.

திருத்திய ஆணையைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த அம்மா படித்துவிட்டு, "எங்கம்மா இருந்திருந்தா படிச்சுக் காட்டியிருப்பேன்" என்றார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டார். அண்ணன் அதைக் குறையாகச் சொன்னதே இல்லை. இன்று அந்த அம்மா இங்கே வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். அம்மா, எதற்காக வந்தீர்கள் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை. உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை இன்றைக்குத்தான் சொல்லியிருக்கிறேன். அதுவும் இத்தனை பேர் துணையோடு.

தோழர்களே, இரண்டு பெட்டிகள் இன்னும் பெயரில்லாமல் இருக்கின்றன. மீதிப் பெயர்களும் இரண்டுதான். எது யார்? சொந்தம் என்று சொல்ல ஒருவரும் மிச்சமில்லை. சிறுநீரகம் செயலிழந்து படுத்திருந்த கடைசி வாரத்தில் அண்ணன் என்னிடம் புலம்பினார்: "ஒருத்தனுக்குக் கீழ்க் கடைவாய்ப்பல்லை நான்தான்டா பிடுங்கினேன். ஒரு பெட்டியில அந்தப் பல் இல்ல. எவனுக்குப் பிடுங்கினேன்னுதான் வர மாட்டேங்குது."

அந்தப் படைப்பிரிவில் உயிரோடு இருப்பவர்கள் இன்று ஒன்பது பேர். வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நம் சங்க அறையில் டாக்டரம்மா எழுதிக்கொள்ள உட்காருவார். தழும்பு, மச்சம், நொண்டிய கால், எது நினைவிருந்தாலும் வந்து சொல்லுங்கள். சொல்லக் கூச்சப்படுவதையும் சொல்லுங்கள். முதல் நாற்காலியில் நான் உட்காருகிறேன். அந்த இருவரோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இன்று வீட்டுக்குப் போனதும் கண்ணை மூடிக்கொண்டு யோசித்துப் பாருங்கள். அவர்களில் எவன் ஒரு பக்கமாகவே மென்று சாப்பிட்டான்?