மேசைக்குக் கீழே

நேர்காணல் நாளில் தயிர் சாப்பிடக் கூடாது, மேடம். தொண்டையில் ஒட்டிக்கொள்ளும், முதல் வாக்கியமே கரகரக்கும். இதை எனக்குச் சொன்னவள் பிரவல்லிகா.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். இப்போது எனக்கு நிதானமாகப் பேச வருகிறது.

என் பெயர் ஹிமபிந்து. ஊர் மார்க்காபுரம். பி.எஸ்சி. விலங்கியல், எண்பத்தொன்பது சதவீதம். பெரிய ஐ.டி. கம்பெனிகள் பி.எஸ்சி. படித்தவர்களையும் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஹைதராபாத் வந்தேன். புறப்படும்போது அப்பா சொன்னார்: "உகாதிக்குள்ள வேலை லெட்டர் வந்தா சரி. இல்லன்னா உன் தாய்மாமன் பேர்ல பத்திரிகை அடிச்சிடுவேன்."

மாமாவுக்கு என்னைவிடப் பதினாறு வயது அதிகம். அவருடைய முதல் மனைவி எப்படி இறந்தாள் என்று எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை. நான் அவள் கைகளைப் பார்த்திருக்கிறேன். முழங்கை வரை தீப்புண் தழும்புகள், சில பழையவை, சில புதியவை.

அமீர்பேட்டையில் லேடீஸ் ஹாஸ்டல், நாலாவது மாடி. ஓர் அறையில் நான்கு பேர். பிரவல்லிகாவின் கட்டில் என் கட்டிலுக்கு எதிரே. கம்மம் ஊர்க்காரி, கான்வென்டில் படித்தவள்.

நாங்கள் சேர்ந்த கோச்சிங் சென்டரில் எழுத்துத் தேர்வுகளில் நான்தான் முதல். ஆனால் மாதிரி நேர்காணல் அன்று அங்கே பாடம் எடுக்கும் கோட்டேஸ்வர் சார் என்னை மேடைக்குக் கூப்பிட்டு, "உன்னைப் பத்திச் சொல்லும்மா" என்றார். வாயைத் திறந்தேன். எதுவும் வரவில்லை. சார் கொஞ்சம் பொறுத்துவிட்டு, "ஏம்மா, மைக் ஆன் பண்ணலியா?" என்றார். இருநூறு பேர் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் மியூட்.

அன்று அறைக்கு வந்ததும் பிரவல்லிகா சொன்னாள்: "எனக்கு வாய் இருக்கு, மண்டை காலி. உனக்கு மண்டை இருக்கு, வாய்க்குப் பூட்டு. ரெண்டையும் ஒட்டினா ஒரு முழு ஆள் தேறும்டி."

நேர்காணல்கள் எல்லாம் கணினி வழியாகத்தான். அவள் முறை முதலில் வந்தது. நான் மேசைக்குக் கீழே உட்கார்ந்து, கேள்வி காதில் விழுந்ததும் பதிலை எழுதிக் காட்டினேன். அவள் அதைப் பார்த்து அழகாகப் பேசினாள். தேர்வானாள்.

அடுத்தது என் முறை. கேமராவுக்கு முன்னால் என் முகம். ஹெட்செட் மைக்கோடு மேசைக்குக் கீழே அவள். கேள்வி ஸ்பீக்கரில் இருவருக்கும் கேட்கும். மடியில் இருந்த தாளில் நான் இரண்டு வரி கிறுக்கிக் கீழே நீட்டுவேன். அவள் அதை வாக்கியமாக்கிப் பேசுவாள், நான் உதடு அசைப்பேன். பதினோரு நாள் பழகினோம். என் முழங்காலில் அவள் ஒருமுறை தட்டினால் ஆரம்பி. இரண்டு முறை தட்டினால் நிறுத்து. ஒருமுறைகூட நான் பிசகியதில்லை. நானும் தேர்வானேன். அப்பா தெருவுக்கே லட்டு கொடுத்தார்.

ஒரே கம்பெனி, மேடம். அதுதான் நாங்கள் செய்த தவறு. ஆனால் அமீர்பேட்டையில் ஒருத்தி விண்ணப்பித்தால் அறையே விண்ணப்பிக்கும். யாரும் யோசிப்பதில்லை.

சனிக்கிழமை காலை இருவருக்கும் ஒரே மாதிரி மின்னஞ்சல் வந்தது. நேர்காணல் பதிவுகளைச் சோதித்ததில் இன்னொருவர் குரலோடு உங்கள் குரல் ஒத்துப்போகிறது, திங்கட்கிழமை மாதாப்பூர் அலுவலகத்துக்கு நேரில் வரவும் என்று. பிரவல்லிகா முதலில் சிரித்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து நகத்தைக் கடித்தாள்.

"நான் உள்ளதைச் சொல்லிடறேன் ஹிமா. குரல் என்னோடது. ஃப்ரெண்டுக்கு உதவி பண்ணப்போய் மாட்டிக்கிட்டேன்னு ரெண்டு சொட்டு கண்ணீர் விட்டா என்னை விட்டுடுவாங்க."

"உன் இன்டர்வியூவுக்கு நான் எழுதினது?"

"அதுக்கு ஏது சாட்சி? எல்லாத் தாளையும் கிழிச்சு டாய்லெட்ல போட்டது நீதானே தாயே. கோவிச்சுக்காத. அடுத்த வருஷம் வேற கம்பெனி பார்க்கலாம்."

அவள் சொன்னது சரி. அவள் பங்கு பதிவில் இருக்கிறது, என் பங்கு எதிலும் இல்லை. அடுத்த வருஷம் நான் மாமா வீட்டில் இருப்பேன்.

அன்று முழுவதும் யோசித்தேன். ஒரு குரல், இரண்டு பெயர். திங்கட்கிழமை ஒருத்தி பேச முடியாமல் போனால், குரல் மற்றவளுக்கு. குரல்வளை எங்கே இருக்கிறது, எதனால் ஆனது என்று நான் பரீட்சையில் படம் வரைந்து பாகங்களைக் குறித்திருக்கிறேன். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. எனக்குத் தேவைப்பட்டது அவள் குரல் மட்டும்.

ஞாயிறு மதியம் ஹாஸ்டலில் கோழிக்குழம்பு. பன்னிரண்டரைக்கெல்லாம் மாடி காலியாகிவிடும். அறையில் இருந்த மற்ற இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். "நாளைக்கு அங்கே என்ன சொல்லப்போறேன்னு ஒரு தடவை சொல்லிக்காட்டு" என்றேன். நான் நாற்காலியில் இருந்தேன். அவள் பழக்கதோஷத்தில் மேசைக்குக் கீழே, என் முழங்கால்களுக்கு நடுவே, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தாள். ஹெட்செட் வயர் மேசைமேல் கிடந்தது.

"ஹிமபிந்து ரொம்ப நல்ல பொண்ணு சார்" என்று அவள் ஆரம்பித்தாள். அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

அவள் கால் மேசையை உதைத்தது. தண்ணீர் பாட்டில் உருண்டது. வயர் என் உள்ளங்கையை அறுத்தது, பாருங்கள், இந்தக் கோடு. அவள் கை பின்னால் வந்து என் முழங்காலைத் தேடிப் பிடித்தது. இரண்டு முறை தட்டினாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் இரண்டு முறை.

பிறகு வயர் அறுந்துவிட்டது. அவள் தரையில் கவிழ்ந்து ஒரு மூச்சு இழுத்தாள். திரும்பி என்னைப் பார்த்துப் பேச முயன்றாள். "ஹி" என்று காற்று மட்டும் வந்தது. என் பெயரில் பாதி.

குரல் அப்போதே போய்விட்டதே, அதோடு விட்டிருக்கலாமே என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவள் கை தரையில் பேனாவைத் தேடிக்கொண்டிருந்தது, மேடம். எழுதிக் காட்டுவது என் வேலை. அதையும் அவளே எடுத்துக்கொள்வது சரியாகப் படவில்லை. அவள் மேல் உட்கார்ந்து மீதியைக் கையாலேயே முடித்தேன். கோழி எலும்பு ஒடிவது போல ஒரு சின்னச் சத்தம் வந்தது. அதற்குப் பிறகும் நூறு வரை எண்ணினேன்.

அவளை மேசைக்குக் கீழே சுவரோரமாகத் தள்ளி, போர்வையைத் தொங்கவிட்டேன். கை கழுவி, கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு சாப்பிடப் போனேன். வார்டன் ஆண்ட்டி பரிமாறிக்கொண்டிருந்தார்.

"எங்கே உன் ஜோடி?"

"தலைவலி, தூங்குறா ஆண்ட்டி. எழுப்ப வேண்டாம்."

ஆண்ட்டி கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "அட, உனக்குப் பேச்செல்லாம் வருமா?" என்றார். நான் தயிர் மட்டும் வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை மாதாப்பூரில் மூன்று கேள்வி கேட்டார்கள். மூன்றுக்கும் கண்ணைப் பார்த்துப் பதில் சொன்னேன். நாக்கு குழறவில்லை. எதிரே இருந்தவர் பதிவை ஒருமுறை ஓடவிட்டுக் கேட்டார். "நல்லா பேசுறீங்க. ஆனா இதுல இருக்கிறது உங்க குரல் இல்லையேம்மா" என்றார். இன்னொருத்தி எங்கே என்றும் கேட்டார். வர மாட்டாள் என்றேன். வார்டன் ஆண்ட்டி போலீஸுக்குச் சொல்ல, சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள்.

பிரவல்லிகாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் திருத்த வேண்டும். அந்தப் பதிவில் இருப்பது அவள் குரல் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு நேரம் நான் பேசியதைக் கேட்டீர்கள். எங்காவது தடுமாறினேனா? நீங்கள் பதிவு செய்யும் இந்த வாக்குமூலத்தில் ஒரு பிரதியை அந்தக் கம்பெனிக்கு அனுப்பிவையுங்கள், ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எனக்கு உகாதி வரைக்கும் நேரம் இருக்கிறது.

இந்த முறை நான்தான் பேசுகிறேன், மேடம். சந்தேகம் இருந்தால் மேசைக்குக் கீழே குனிந்து பாருங்கள்.