கை வைக்கிறதுக்கு முன்னாடி நாலு படம்

இல்ல சார், போன் இல்லாம என்ன. அதோ பைக்குள்ள கெடந்து அடிக்குது பாருங்க. ஆனா வேலைக்கு எனக்கு இந்தக் கேமராதான். அடிக்கட்டும் விடுங்க, என் வீட்டுக்காரர்தான், எதுக்குக் கூப்பிடுறார்னு தெரியும். நீங்க அந்த டார்ச்ச மட்டும் கொஞ்சம் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க. நேரா அடிச்சா தகடு பளிச்சுன்னு மின்னும், படத்துல வெறும் வெளிச்சம்தான் விழும். ஆங், அப்படித்தான். ஏன் சார் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க, வாஷிங் மெஷின் கடிக்கவா போகுது? பிளக்கப் பிடுங்கியாச்சு, தண்ணியும் மூடியாச்சு.

பின்னாடித் தகட்டக் கழட்டினதும் எல்லா வீட்லயும் இந்த முழிதான் முழிப்பாங்க. உள்ள இத்தன வயரா, இந்தம்மா இதையெல்லாம் திரும்ப மாட்டிடுமான்னு ஒரு சந்தேகம். உங்க வீட்டம்மா ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள மெஷின் ஓடிடும் சார். நீங்க லீவு போட்டு காவலுக்கு உக்காந்ததுக்கு ஒரு பலன் வேணாமா? காலைல மூணு வீட்லேர்ந்து கூப்பிட்டாங்க, உங்க தெருப் பேரக் கேட்டதும் உங்களத்தான் முதல்ல எடுத்துக்கிட்டேன்.

போன்லயே எடுக்கலாம்னு நானும் ஒரு காலத்துல நெனச்சவதான். ஒரு டாக்டர் வீடு, மேலேர்ந்து துணி போடுற மெஷின், உள்ள முக்கால்வாசி தண்ணி. நான் குனிஞ்சு போன நீட்டிப் படம் எடுக்கிறேன், சரியா அந்த நேரம் பாத்து இன்னொரு வீட்டம்மா கூப்பிடுறாங்க. போன் கையில அதிர்ந்துச்சு பாருங்க, வழுக்கி நேரா உள்ள. கைய விட்டுத் தேடுறேன், அடியிலேர்ந்து வெளிச்சம் வருது, மணியும் அடிச்சுக்கிட்டே இருக்கு. நான் வேணும்னே எடுக்கலன்னு அந்தம்மாவுக்கு இன்னிக்கு வரைக்கும் கோபம். தண்ணிக்குள்ள கெடந்துச்சுன்னா யாரு நம்புறா?

அப்புறம்தான் எம் பொண்ணு சொன்னா, அம்மா, படம் எடுக்கிறதுக்குன்னு தனியா ஒண்ணு வாங்கிக்கோ, அதுக்கு யாரும் போன் பண்ண மாட்டாங்கன்னு. கடைக்கு அவதான் கூட்டிட்டுப் போனா. அங்க இருந்த பையன் மொதல்ல இவ்வளவு பெரிய ஒண்ணத் தூக்கி மேசை மேல வச்சான். இதுல நிலாவையே கிட்டத்துல பாக்கலாம்னான். தம்பி, நிலாவுக்கு நான் ரிப்பேர் பாக்கிறதில்ல, ஹீட்டருக்குப் பின்னாடி ஓடுற செவப்பு வயரு தெரிஞ்சாப் போதும்னேன். எம் பொண்ணு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டுச் சிரிக்கிறா.

எனக்குத் தேவை ரெண்டே விஷயம் சார். ஒண்ணு, நான் எப்படிக் குனிஞ்சாலும் சட்டைப் பாக்கெட்லேர்ந்து விழக்கூடாது. இன்னொண்ணு, மெஷினுக்கும் செவுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் சந்து இருக்கும் பாருங்க, அங்க என் தலை போகாது, கை போகும். கையோட சேர்ந்து கேமராவும் போகணும். அதுக்காக நடுக்கடையில நின்னு ஒவ்வொண்ணாப் பாக்கெட்ல போட்டுக் குனிஞ்சு பாத்தேன். எம் பொண்ணு எனக்குக் கீழ ரெண்டு கையையும் ஏந்திக்கிட்டு நிக்கிறா, விழுந்தாப் பிடிக்கிறதுக்கு. நான் குனிய அவ பிடிக்க, நான் குனிய அவ பிடிக்க. கடைக்கு வந்தவங்கல்லாம் வேலைய விட்டுட்டு எங்களத்தான் பாத்தாங்க. அந்தப் பையனுக்கு மூச்சே நின்னுபோச்சு. ஒண்ணுகூட கீழ விழல சார், அவ விடல.

தடியா இருந்ததெல்லாம் குனிஞ்சதும் எட்டிக் குதிச்சுருச்சு. சிலது ஒல்லியாத்தான் இருந்துச்சு, ஆனா ஆன் பண்ணினதும் ஸ்ஸ்னு லென்ஸ் மூக்க நீட்டுச்சு. சந்துக்குள்ள போயி மூக்க நீட்டினா செவுத்துல முட்டி நின்னுடாதா? அப்படியே கழிச்சுக் கழிச்சு வந்தப்பதான் இது கெடச்சுது. முன்னாடி ஒரு மூடி இருக்கு பாருங்க, கீழ இழுத்தா ஆன். மூக்கு வெளிய வராது, எல்லாம் உள்ளுக்குள்ளயே. சட்டைப் பாக்கெட்ல போட்டா சீட்டுக்கட்டுத் தடிமன்கூட இல்ல. குனிஞ்சேன், நிமிந்தேன், குதிச்சும் பாத்தேன். அசையல. இதுதாண்டின்னேன்.

உடனே அவ என்ன பண்ணினா தெரியுமா? டைமர்னு ஏதோ பட்டன அழுத்தி கேமராவ மேசை மேல நிக்க வச்சுட்டு, என் கையப் பிடிச்சு இழுத்துட்டு ஓடினா. மொதப் படம் நம்ம ரெண்டு பேரும்மா, சிரின்னா. எனக்கு அந்த நேரத்துல பேட்டரி மூடி கெட்டியா இருக்கான்னு கேக்கணும்னு தோணிச்சு, அந்தப் பையன்கிட்ட நகர்ந்துட்டேன். படத்துல அவ பல்லெல்லாம் தெரிய நிக்கிறா. பக்கத்துல என் முழங்கை மட்டும் இருக்கு.

இல்ல இல்ல, அந்த டார்ச்ச எடுத்துடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு. இங்க பாருங்க, இந்தப் பூப்படம் போட்ட பட்டன். இத அழுத்தினாத்தான் ரொம்பக் கிட்டப் போனாலும் தெளிவா விழும். இது தெரியாம ஒரு மாசம் எல்லாப் படத்தையும் மேகமூட்டமா எடுத்துத் தள்ளினேன். அவதான் சொல்லிக் குடுத்தா. அப்புறம் பட்டன ஒரேயடியா அமுக்கக்கூடாது சார். பாதி அமுக்கி நிறுத்தணும். பச்சையாக் கட்டம் வரும். எதத் தெளிவாப் பாக்குறேன்னு அது சொல்லும், அதுதான் நமக்கும் வேணுமான்னு பாத்துட்டு மீதி அமுக்கணும். எனக்குப் பாதியில நிறுத்துறது வரவே இல்ல. பேச்சுலயே நிறுத்த மாட்ட, பட்டன்லயா நிறுத்தப் போறன்னு கிண்டல் பண்ணுவா. வாய் சார், வாயி. அவளுக்கு அது மட்டும் என்ன மாதிரியே வாய்ச்சிருக்கு.

என்ன கேட்டீங்க? எல்லா மெஷினுக்கும் எடுப்பேன். கை வைக்கிறதுக்கு முன்னாடி முன்பக்கம், இந்தப் பக்கம், அந்தப் பக்கம், பின்பக்கம், நாலு படம். வந்ததும் எடுத்தேனே, நீங்ககூட இன்சூரன்சுக்கான்னு கேட்டீங்க. அதுக்கப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர் வெளிய வரும். பிரிக்கப் பிரிக்க மீதிப் படம். ஒரு தடவ அவசரத்துல படம் எடுக்காமப் பிரிச்சுட்டேன். மாட்டினப்புறம் மெஷின் நல்லா ஓடுது, கதவு மட்டும் தெறக்க மாட்டேங்குது. அந்த வீட்டு ஐயா கட்டிக்க வேட்டியில்லாம கண்ணாடி வழியா உள்ள பாத்துக்கிட்டு நிக்கிறாரு. சிரிக்காதீங்க, உங்க துணியும் இப்ப உள்ளதான் இருக்கு.

மறுபடியும் அடிக்குதா. அவருக்கு வேற வேலை இல்ல.

சார், நீங்க படிச்சவரு, ஆபீஸ்ல நாலு பேரப் பாக்குறவரு, ஒரு நியாயம் சொல்லுங்க. எம் பொண்ணுக்கு வேற ஊர்ல வேலை கெடச்சிருக்கு. நல்ல வேலைதான், கணக்கு வழக்கெல்லாம் பாக்குற வேலை. தங்குறதுக்கும் அங்கயே ரூம் பாத்துட்டா. சந்தோஷந்தான், நான் ஒண்ணும் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கல. நேத்து சாமான் கட்டுறதுக்கு அலமாரியத் தெறந்தா. நான் என்ன பண்ணினேன், பாக்கெட்லேர்ந்து இத எடுத்தேன். இருடி, கை வைக்காத, ஒரு நிமிஷம்னு சொல்லிட்டு அவ அறைய நாலு பக்கமும் எடுத்தேன். அலமாரியில ஒவ்வொரு தட்டா எடுத்தேன். மேசையில சீப்பு எங்க இருக்கு, கிளிப் டப்பா எங்க இருக்கு, கதவுக்குப் பின்னாடி எந்தத் துணி தொங்குது, எல்லாம். கொஞ்ச நாள்ல லீவுல வருவால்ல? வந்தா எல்லாம் வச்ச எடத்துல இருக்கணும்ல? பழக்கதோஷம் சார், வேற ஒண்ணும் இல்ல.

அவளுக்கு வந்துச்சே கோபம். நான் என்ன நீ ரிப்பேருக்குப் பிரிக்கிற மெஷினான்னு கேட்டா. போயிட்டுத் திரும்பி வந்ததும் பழையபடி மாட்டி வைக்கலாம்னு பாக்குறியா, வரும்போது நான் இதே மாதிரி இருக்க மாட்டேம்மான்னா. இந்தக் கேமராவுல வருஷக்கணக்கா வயரும் பெல்ட்டும்தான் இருக்கு, என் அலமாரிகூட வந்துருச்சு, கடையில எடுத்த அந்த ஒண்ணத் தவிர ஒரு மனுஷ மூஞ்சி இருக்கா, என் மூஞ்சி இருக்கான்னா. எனக்கும் சுருக்குன்னுச்சு. போறவங்களுக்கு என்ன, போங்க, அலமாரி படமாவது எனக்கு மிஞ்சட்டும்னு சொல்லிட்டேன். சொல்லியிருக்கக் கூடாதுதான். பாதியில நிறுத்த வராதுன்னு சொன்னேன்ல. காலைல அவ எழுந்திரிக்கிறதுக்கு முன்னாடி பையத் தூக்கிட்டுக் கெளம்பிட்டேன்.

இல்ல சார், அவ பக்கம் பேசாதீங்க, மொதல்ல படத்தப் பாத்துட்டுப் பேசுங்க. எவ்வளவு ஒழுங்கா எடுத்திருக்கேன்னு பாருங்க. டார்ச்ச வச்சிட்டு இப்படி வாங்க. இது இப்ப எடுத்தது, உங்க பெல்ட்டு, எப்படி அறுந்து தொங்குது பாருங்க. இது மோட்டார். இது தண்ணிக் குழாய். இது உங்க மெஷினோட மொத நாலு படம். இதுக்கு முன்னாடி தள்ளினா அலமாரி வரும்...

இருங்க.

இது நான் எடுத்ததில்லையே.

இல்ல, நகர்த்தாதீங்க, இருங்க, நானே தள்ளுறேன். இது முன்பக்கம்னு வச்சுக்கிட்டா, இது இந்தப் பக்கம். இது அந்தப் பக்கம். இது... கழுதை, பின்பக்கமும் எடுத்து வச்சிருக்கா பாருங்க சார். பின்னல் தெரியுது. அலமாரித் தட்டுல கேமராவ வச்சுட்டு ஒவ்வொரு தடவையும் ஓடிப்போயி நின்னுருக்கா. அலமாரி காலி, அதான் வைக்க எடம் இருந்திருக்கு. நான் தூங்கினப்புறம் பாக்கெட்லேர்ந்து எடுத்திருப்பா. மூஞ்சி எவ்வளவு தெளிவா விழுந்திருக்கு பாருங்க, மூக்குக்குப் பக்கத்துல மச்சம்கூடத் தெரியுது. பின்ன, சொல்லிக் குடுத்தவளாச்சே.

ஆமா சார், இவதான் எம் பொண்ணு. என்ன மாதிரியா? மூக்கு மட்டும் என்னுது. மீதியெல்லாம் அவங்கப்பா.

ஒண்ணுமில்ல, தூசி. செவுத்தோரமாக் குனிஞ்சா கண்ணுல விழத்தான் செய்யும்.

ம், அடிக்குது, எடுக்குறேன். இருங்க. என்னங்க... ம்... தெரியும்... பஸ்ல ஏறிட்டாளா? சரி, டிரைவர் டீ குடிச்சிட்டு வர்ற வரைக்கும் அவள வெளிய நிக்கச் சொல்லுங்க. உள்ள உக்காந்தா வெளிச்சம் பத்தாது. எதுக்குன்னு கேக்காதீங்க, நிக்கச் சொல்லுங்க. போன வைங்க.

சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஒரு கால் மணி நேரம் உங்க மெஷின் இப்படியே தெறந்து கெடக்கட்டும். பஸ் ஸ்டாண்டு உங்க தெரு திரும்பினா வந்துரும், அது எனக்குக் காலைல நீங்க அட்ரஸ் சொல்லும்போதே தெரியும். அவ பஸ் இப்பக் கெளம்பப் போகுது. நான் வராமப் போயிடுவேனோன்னு கவலப்படாதீங்க, என் பை இங்கதான் இருக்கு, உங்க பழைய பெல்ட்டும் என் கையில இருக்கு. இந்த ஸ்க்ரூ டப்பாவ மட்டும் யாரும் காலால தட்டாமப் பாத்துக்கோங்க. வயரு ஒண்ணுகூட மாறாது, எல்லாம் படத்துல இருக்கு.

அவ நாலு பக்கமும் அவளே எடுத்துட்டா. பக்கத்துல நான் நிக்கிறது ஒண்ணு இல்ல. அந்தக் கடைப் படத்துலயும் என் முழங்கைதான் இருக்கு. சார், படிச்ச உங்களுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்குமே, ஓடிப்போயி கூட நிக்கிறதுக்கு ஒரு பட்டன் இதுல இருக்கணும். அது எதுன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.